நசுங்க வேண்டியது காரா, நாமா?

எதிரணி நண்பர், "அம்பாசடர் இடிச்சாலும் நசுங்காதுய்யா, இரும்பு!" என்றார். 1950-களில் வந்து, 2014-இல் உற்பத்தி நிற்கும்வரை உருவம் பெரிதாக மாறாத வண்டி. எட்டுப் பேர் போவோம். நான் முன்சீட்டில் அப்பா மடியில்! (சிரிப்பு)

ஆனா, வண்டி நசுங்கலேன்னா அந்த இடி எங்கே போகும்? உள்ளே இருக்கிற நம்மகிட்டத்தானே வரும்? அதனால்தான் 1959-லேயே மெர்சிடிஸ் பென்ஸ், முன்பக்கம் மடங்கி இடியை வாங்கிக்கொள்ளும் காரைக் கொண்டுவந்தது. இன்றைய காரைத் தகரடப்பா என்று கேலி செய்யாதீர்கள் ஐயா!

2005-இல் டாடா ஏஸ் வந்தது. சந்துக்குள் நுழைகிற வண்டி. 'குட்டி யானை' என்று செல்லப்பேர் வைத்தோம். அதன் முதுகு சரக்குக்குச் செய்தது. அதிலே கல்யாணத்துக்கு ஆள் ஏத்துறோமே, பிடிச்சுக்க பெல்ட் இருக்கா? நிக்கிறது நம்ம பிள்ளைங்கதானே? (கைதட்டல்)