டிபாடியைப் போட்டது யார்?

இன்னைக்கு ஒரு சின்ன சோதனையோட ஆரம்பிக்கலாம். ஒரு எச்டிஎம்எல் ஃபைல்ல டேபிள் எழுதுங்க. அதுக்குள்ள நேரா டிஆர், டிஆருக்குள்ள டிடி. பிரவுசர்ல திறந்து இன்ஸ்பெக்ட் பண்ணிப் பாருங்க. டேபிளுக்கும் டிஆருக்கும் நடுவுல, நீங்க எழுதாத ஒரு டிபாடி உட்கார்ந்திருக்கும்.

போட்டது பிரவுசரோட பார்சர். நாம எழுதின எச்டிஎம்எல்லைப் படிச்சு, டாம் மரமா மாத்துறது அதோட வேலை. டேபிளுக்குள்ள நேரா டிஆர் வந்தா, முதல்ல ஒரு டிபாடியைத் திறக்கணும்னு எச்டிஎம்எல் விதியே சொல்லுது.

இப்போ அதே டேபிளை ஜாவாஸ்கிரிப்ட்ல கட்டுங்க. கிரியேட் எலிமென்ட்ல ஒரு டிஆர் உருவாக்கி, அப்பெண்ட் சைல்ட் மூலமா டேபிள்ல சேர்த்தா, டிபாடி வராது. ஏன்னா பார்சர் படிக்க இங்க எழுத்தே இல்லை. நீங்க நேரடியா மரத்துல கிளையை ஒட்டுறீங்க. சொன்ன இடத்துல ஒட்டுறதோட பிரவுசர் வேலை முடிஞ்சது.

திரையில ரெண்டு டேபிளும் ஒரே மாதிரிதான் தெரியும். அதுதான் ஆபத்து. ஒரு பில் பக்கத்தை எடுத்துக்கோங்க. டிபாடிக்குள்ள இருக்கிற டிஆரை எல்லாம் எடுத்துத் தொகையைக் கூட்டுற மாதிரி கோட் இருக்கு. ஸ்கிரிப்ட்ல கட்டின டேபிள்ல அதுக்கு ஒரு வரிசைகூட சிக்காது. எர்ரரும் வராது. பத்து பொருள் கண்ணு முன்னாடி இருக்க, மொத்தம் 0 ரூபாய்னு காட்டும்.

இன்னர் எச்டிஎம்எல் பயன்படுத்தினா பார்சர் திரும்ப வேலைக்கு வந்துடும். டேபிளுக்குள்ள டிஆரைப் போட்டா டிபாடி சேரும். ஆனா ஒரு டிவ்வுக்குள்ள வெறும் டிஆர், டிடி போட்டா, அந்த டேக் எல்லாத்தையும் தூக்கிட்டு உள்ள இருக்கிற எழுத்தை மட்டும் விட்டு வைக்கும்.

ரியாக்ட்ல ஹைட்ரேஷன் எர்ரர் வர்றதுக்கும் இது ஒரு காரணம். சர்வர் அனுப்பின எச்டிஎம்எல்ல பார்சர் டிபாடியைச் சேர்த்திருக்கும். உங்க காம்போனென்ட்ல அது இருக்காது. ரெண்டும் ஒத்துப்போகாது.

தீர்வு ரொம்ப எளிது. எங்க டேபிள் எழுதினாலும் டிபாடியை நீங்களே எழுதிடுங்க. ஸ்கிரிப்ட்னா இன்சர்ட் ரோ இருக்கு. காலி டேபிள்ல அது டிபாடியையும் சேர்த்தே உருவாக்கும். வரிசைகளை எண்ணணும்னா டேபிளோட ரோஸ் ப்ராப்பர்ட்டியைக் கேளுங்க. டிபாடி இருந்தாலும் இல்லாட்டியும் அது சரியான எண்ணிக்கையைச் சொல்லும்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.