மதுரையில் இறங்கி மேற்கே வாருங்கள்

தேனி மாவட்டத்தில் விமான நிலையம் இல்லை. வெளிநாட்டிலிருந்து ஊர் திரும்பும் கம்பத்துக்காரருக்கும் தேக்கடி பார்க்கக் கிளம்பும் பயணிக்கும் மதுரை விமான நிலையம்தான் வாசல். 2010இல் அங்கே புதிய முனையம் திறந்தார்கள். 2012இல் கொழும்புக்கு விமானம் பறக்கத் தொடங்கியது.

சுற்றுச்சாலை வழியாகத் தேனி சாலையைப் பிடித்துவிட்டால் செக்கானூரணி, உசிலம்பட்டி வரை பெரும்பாலும் வானம் பார்த்த பூமி. ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டியதும் மேற்குத் தொடர்ச்சி மலை கண்ணுக்கு நேரே எழும். ஆனி, ஆடி மாதங்களில் வந்தால் காற்று ஆளைத் தள்ளும்.

தேனியில் சாலை பிரிகிறது. ஒன்று ஏலக்காய்க்குப் பேர்போன போடிக்குப் போய், போடிமெட்டு ஏறி மூணாறைத் தொடும். போடிக்கு 2023 முதல் சென்னையிலிருந்து ரயிலும் வருகிறது. இன்னொன்று வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் வழியாகத் தேக்கடியை ஒட்டிய குமுளிக்கு ஏறும். நாம் இந்த வழியில் போவோம்.

இருபுறமும் நெல் வயல், தென்னை, வாழை. கம்பத்தை நெருங்கினால் திராட்சைப் பந்தல்கள். கம்பம் பன்னீர் திராட்சை 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. இத்தனை பசுமையும் முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் தந்தது. மேற்கே கடலுக்கு ஓடிய ஆற்றை மறித்து, மலையைக் குடைந்து, கிழக்கே திருப்பினார் பொறியாளர் பென்னிகுயிக். 1895இல் அணை பயன்பாட்டுக்கு வந்தது. கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நிலம் அதை நம்பி இருக்கிறது. மிச்சத் தண்ணீர் வைகை அணையில் சேர்ந்து, நீங்கள் வந்து இறங்கிய மதுரைச் சீமைக்கே போகிறது.

மலையடிவாரத்தில் இருக்கிறது லோயர் கேம்ப். அங்கே பென்னிகுயிக் மணிமண்டபத்தைப் பார்க்காமல் போகாதீர்கள். தை மாதம் அவர் பிறந்தநாளில் விவசாயிகள் பொங்கல் வைக்கிறார்கள். ஓர் இங்கிலாந்துப் பொறியாளரின் பெயரைத் தங்கள் பிள்ளைகளுக்குச் சூட்டியவர்கள் இந்த ஊர்க்காரர்கள்.

விமானத்தில் வருகிற பலர் கார் கண்ணாடி வழியாக இதையெல்லாம் பார்த்துக்கொண்டே குமுளிக்குப் பறந்துவிடுகிறார்கள். கம்பத்தில் ஓர் இரவு தங்குங்கள். காலையில் சுருளி அருவியில் குளித்துவிட்டு, திராட்சைத் தோட்டத்துக்காரரிடம் இரண்டு வார்த்தை பேசுங்கள். அதே அணை தேக்கிய தேக்கடி ஏரியில் படகு ஏறும்போது, அந்தத் தண்ணீர் யார் வீட்டு அடுப்பை எரிய வைக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும்.