அடித்தவனுக்கு மறியல், அடிபட்டவளுக்கு?



நான் கல்முனைக்குடி ஆள். எங்கட ஊர் அடிதடி வழக்கு கல்முனை நீதவான் நீதிமன்றத்துக்குப் போகும். உங்கட வழக்கு ஹட்டனுக்குப் போகும். சட்டம் ஒன்றுதான், 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை. சாதாரண காயத்துக்கு ஒரு வருடம் வரை, எலும்பு முறிந்தால் ஏழு வருடம் வரை, கவ்வாத்துக் கத்தியால் கடுங்காயம் செய்தால் பத்து வருடம் வரை மறியல். அந்த "வரை"யைக் கவனியுங்கள்! இரண்டு வருடத்துக்கு மேற்படாத தண்டனையை நீதிமன்றம் ஒத்திவைக்கலாம். அப்போது அடித்தவன் லயத்துக்கே திரும்பி வருவான். கை முறிந்தவளோ கொழுந்து எடுக்க முடியாமல், பேர் விழாமல் வீட்டிலே குந்தியிருப்பாள். இது நியாயமா? மறியலைக் கூட்டினாலும் அவளுக்கு அரிசி வராதே. நட்டஈடு கட்டச் சொல்லவும் நீதிமன்றத்துக்கு 1979ஆம் ஆண்டுச் சட்டத்தில் அதிகாரம் உண்டு. ஆகவே ஆஸ்பத்திரித் துண்டு, வேலைக்குப் போகாத நாள் கணக்கு எல்லாத்தையும் பத்திரமாக வைத்து, வழக்கு நாளில் கொண்டு போங்கள்.