பி.டி. பீரியடைப் பறிக்காதீர்கள்



"ஒரு நிமிஷம் சும்மா உட்கார மாட்டியா? இன்னைக்கு உனக்கு விளையாட்டு கிடையாது!" பள்ளிகளில் அடிக்கடி காதில் விழும் தண்டனை இது. எந்தப் பிள்ளைக்கு ஓட்டமும் ஆட்டமும் அதிகம் தேவையோ, அந்தப் பிள்ளையிடமிருந்தே அதைப் பிடுங்கிவிடுகிறோம். தண்டனைக்காகவோ பாடம் நடத்தவோ இடைவேளையைப் பறிக்கக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு 2013-லேயே சொல்லிவிட்டது.

மதியச் சாப்பாடு முடிந்து இரண்டாம் வகுப்பை எட்டிப் பாருங்கள். ஒருவன் பென்சிலைக் கடிப்பான். ஒருத்தி பெஞ்சுக்கடியில் காலை ஆட்டிக்கொண்டே இருப்பாள். சோர்ந்த உடம்பு விழித்திருக்கப் படும் பாடு அது. அதட்டினால் அடங்கிவிடுவார்கள். ஆனால், அசையாமல் இருப்பதிலேயே கவனமெல்லாம் போய்விட்டால் பாடத்துக்கு என்ன மிஞ்சும்?

அந்த நேரத்தில் எல்லாரையும் எழுப்பி நிறுத்துங்கள். வலது கையால் இடது முழங்காலைத் தொடட்டும், பிறகு கை மாற்றட்டும். கூடவே இரண்டாம் வாய்ப்பாடும் சொல்லட்டும். நிற்க முடியாத பிள்ளை உட்கார்ந்தபடியே கைதட்டிச் சேர்ந்துகொள்ளலாம். இரண்டு நிமிடம் போதும். ஆனால் குதித்த வேகத்தோடு உட்காரவைத்தால் கூச்சல்தான் மிஞ்சும். வேகத்தைப் படிப்படியாகக் குறைத்து, மெல்ல மூச்சை இழுத்துவிடச் சொல்லி முடிக்க வேண்டும். பலர் விட்டுவிடுவது இதைத்தான்.

அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ஹில்மன் குழுவினர் ஒன்பது, பத்து வயதுப் பிள்ளைகளை 20 நிமிடம் ட்ரெட்மில்லில் நடக்கவிட்டுச் சோதித்தார்கள். நடந்த பிறகு கவனச் சோதனையிலும், படித்துப் புரிந்துகொள்வதிலும் பிள்ளைகள் மேலாகச் செய்தார்கள். 2009-இல் வெளிவந்த ஆய்வு இது.

கோபத்துக்கும் அழுகைக்கும்கூட உடம்பு வழியாகவே போகலாம். கொதித்துப்போன பிள்ளையிடம் "ஏன் அடிச்சே?" என்று விசாரித்தால் அப்போது பதில் வராது. இரண்டு உள்ளங்கையையும் சுவரில் வைத்துப் பலம்கொண்ட மட்டும் தள்ளச் சொல்லுங்கள். அல்லது, நோட்டுக் கட்டைப் பக்கத்து அறைக்குக் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லுங்கள். தசைக்கு வேலை கொடுத்தால் பல பிள்ளைகளுக்குப் படபடப்பு தணியும். பேச்சை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

பெற்றோர்களே, அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் மதிப்பெண்ணோடு இதையும் கேளுங்கள்: கால அட்டவணையில் உள்ள பி.டி. பீரியடுகளில் எத்தனை மைதானத்தில் நடக்கின்றன, எத்தனை கணக்குப் பாடத்துக்குப் போகின்றன?