சூரைச்செடி நிழலில் எலியா

ஓய்வெடுப்பதையே ஒரு குற்றம் போல நினைக்கிற விசுவாசிகள் நம்மிடையே நிறைய. ஜெபக்கூட்டம், ஊழியம், வேலை என்று ஓடிக்கொண்டே இருந்தால்தான் ஆண்டவருக்குப் பிடிக்கும் என்று ஒரு எண்ணம்.

பைபிளில் எலியா தீர்க்கதரிசியைப் பாருங்கள். யேசபேல் ராணிக்குப் பயந்து ஓடுகிறார். பெயெர்செபாவில் வேலைக்காரனை விட்டுவிட்டு, வனாந்தரத்தில் ஒரு நாள் முழுக்க நடந்து, ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்துவிடுகிறார். செத்தால் போதும் என்று வேண்டிக்கொண்டு அப்படியே தூங்கிப்போகிறார். தேவதூதன் வந்து தட்டி எழுப்புகிறான். கண்டிக்கவில்லை, புத்தி சொல்லவில்லை. தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் இருக்கின்றன. சாப்பிட்டுவிட்டு எலியா மறுபடியும் படுத்துக்கொள்கிறார்! அதற்கும் தடையில்லை. தூதன் இரண்டாம் தடவையும் எழுப்பி, சாப்பிடச் சொல்கிறான். அந்தப் பலத்தில்தான் 40 நாள் நடந்து ஓரேப் மலைக்குப் போகிறார். அங்கேதான் ஆண்டவர் அவரிடம் மெல்லிய சத்தமாகப் பேசினார். களைத்தவனுக்கு முதலில் தூக்கமும் சோறும் கொடுக்கிற கடவுள் இவர்.

ஓய்வு எலியாவுக்கு மட்டுமல்ல. பைபிளில் உபாகமத்தில் வரும் ஓய்வுநாள் கட்டளை வேலைக்காரர், மாடு, கழுதை வரைக்கும் ஓய்வு கேட்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்ததும் நிம்மதியாகப் படுங்கள். அடுப்படியில் நிற்கிறவரையும் கொஞ்சம் படுக்க விடுங்கள்.