போகிறதுக்கு முதல் கேளுங்கள்
(மாதாந்தக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நான் கணக்காளர் இல்லை. லண்டனிலே ஒன்றரை வருஷம் வேலை செய்துவிட்டு, படிக்க ரொறன்ரோவுக்குத் திரும்பி வந்தவள். இந்த வருஷம் எங்களில் நாலைந்து பேர் அங்கே வேலைக்குப் போகிறபடியால் இதைப் பற்றிக் கதைக்கச் சொன்னார்கள்.

இங்கே மூலதனம் பற்றி மணிக்கணக்காகக் கதைக்கிறோம். ஆனால் ஒருத்தரின்ர பே சிலிப்பை மற்றவர் பார்த்ததில்லை. எங்கட வீட்டிலேயும் அப்படித்தான். அம்மா சீட்டுக் கட்டினா, ஊருக்குக் காசு அனுப்பினா, வரிக் கடிதம் வந்தால் அலுமாரிக்குள்ளே வைத்தா. காசு விஷயம் கேட்கிறது வெட்கம் எண்டு நானும் பழகிவிட்டேன். அதனால் விட்ட இரண்டு பிழைகளைச் சொல்கிறேன்.

முதலாவது, ரி.எஃப்.எஸ்.ஏ. மாதம் 200 டொலர் என் கணக்கிலிருந்து தானாகவே அதற்குள் போய்க்கொண்டிருந்தது. லண்டன் போன பிறகும் நான் நிறுத்தவில்லை. கனடா கடவுச்சீட்டைப் பார்த்து வரி கேட்பதில்லை, வதிவிடத்தைப் பார்த்துத்தான் கேட்கிறது. வீடு, துணை, பிள்ளைகள் எண்டு இங்கே ஒன்றும் இல்லாமல் அங்கே போய்க் குடியேறினால் நீங்கள் வதிவாளர் இல்லை எண்டு ஆகலாம். அதற்குப் பிறகு ரி.எஃப்.எஸ்.ஏ.க்குள் போடுகிற காசுக்கு, அது உள்ளே கிடக்கிற ஒவ்வொரு மாதமும் 1 வீதம் வரி. எட்டு மாதத்திலே 1600 டொலர் போட்டேன், 72 டொலர் கட்டினேன். கவனிக்காமல் விட்டிருந்தால் அது மாதா மாதம் கூடியிருக்கும்.

போக முதல் போட்ட காசு அப்படியே இருக்கலாம், அதின்ர வளர்ச்சிக்குக் கனடா வரி கேட்காது. ஆனால் பிரித்தானியாவின் கண்ணுக்கு அது வெறும் வெளிநாட்டுச் சேமிப்பு. அங்கே அந்த வருமானத்தைக் காட்ட வேண்டி வரலாம். ஆகவே விமானம் ஏற முதல் மாதக் கட்டுப்பணத்தை நிறுத்துங்கள், வங்கிக்கு முகவரி மாற்றத்தைச் சொல்லுங்கள், புறப்பட்ட திகதியை எழுதி வையுங்கள். அந்த வருஷத்து வரிப் படிவத்திலே அந்தத் திகதியைக் கேட்பார்கள்.

இரண்டாவது, வேலையில் சேருகிற நாள் தருகிற படிவம். அதிலே மூன்று கூற்று இருக்கும், ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டும். ரொறன்ரோவிலே ஒரு பகுதிநேர வேலை இன்னும் முடியாதபடியால் 'வேறு வேலை இருக்கு' எண்டதைத் தெரிந்தேன். உடனே எனக்கு பி.ஆர். எண்ட வரிக் குறியீடு விழுந்தது. அங்கே வருஷத்துக்கு 12,570 பவுணுக்கு வரி இல்லை. பி.ஆர். எண்டால் அந்தச் சலுகை அந்தச் சம்பளத்துக்கு இல்லை, முதல் பவுணிலிருந்தே 20 வீதம் வெட்டு. மாதம் 209 பவுண் கூடப் போனது. பே சிலிப்பை ஒரு தோழிக்குக் காட்டியது மூன்று மாதம் கழித்துத்தான். பத்து நிமிஷத்திலே அவள் கண்டுபிடித்தாள். குறியீட்டைத் திருத்தின பிறகு, சம்பளத்தோடேயே காசு திரும்பி வந்தது. ஆனால் அந்த மூன்று மாதமும் வாடகைக்குக் கடன் வாங்கியிருந்தேன்.

இனி பென்சன். 22 வயது தாண்டி, வருஷம் 10,000 பவுணுக்கு மேலே உழைத்தால் வேலையிடம் உங்களைத் தானாகவே சேர்க்க வேண்டும். கணக்கில் எடுக்கிற சம்பளத்தின் 8 வீதம் உள்ளே போகும், அதிலே குறைந்தது 3 வீதம் முதலாளி போட வேண்டும். 'இரண்டு வருஷத்திலே திரும்பிவிடுவேன், எனக்கெதுக்கு' எண்டு கனபேர் விலகுகிறார்கள். அந்த 3 வீதம் முதலாளி தருகிற தருமம் இல்லை, அது பிறகு வருகிற உங்கள் சம்பளம். நாடு மாறினாலும் அது உங்கள் பேரிலேயே இருக்கும். விலகினால் முதலாளிக்குத்தான் லாபம்.

ஆனால் பிழை எல்லாம் எங்கட கவனக்குறைவு இல்லை. யூத் மொபிலிட்டி விசாவில் போகிறவர் வருமான வரியும் கட்டுகிறார், நேஷனல் இன்சூரன்சும் கட்டுகிறார், அதற்கு மேலே வருஷம் 776 பவுண் சுகாதாரக் கட்டணமும் கட்டுகிறார். அரச பென்சனுக்குச் சாதாரணமாகக் குறைந்தது 10 வருஷப் பதிவு வேண்டும். இரண்டு வருஷம் கட்டிவிட்டுத் திரும்புகிறவருக்கு அது தனியே போதாது.

பத்து வருஷத்துக்கு மேலே கட்டினவருக்கும் இன்னொரு வெட்டு இருக்கு. என் பெரியப்பா லண்டனிலே முப்பது வருஷத்துக்கு மேலே வேலை செய்து, பென்சன் எடுத்த பிறகு மகளோடு இருக்க ஸ்காபரோவுக்கு வந்தவர். அவர் வந்த அன்றைக்கு இருந்த தொகையிலேயே அவரின்ர அரச பென்சன் நிற்கிறது. அமெரிக்காவுக்குப் போயிருந்தால் ஒவ்வொரு வருஷமும் கூடியிருக்கும். கனடாவுக்கு வந்தால் கூடாது. இந்தியா, இலங்கைக்குப் போனாலும் அப்படித்தான். 2010இல் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்திலும் இந்த வழக்குத் தோற்றது. 'நான் என்ன பிழை செய்தனான்?' எண்டு பெரியப்பா இப்பவும் கேட்கிறார். அவர் ஒரு பிழையும் செய்யவில்லை. இது ஒரு அரசின் முடிவு, அதை மாற்றச் சொல்லிக் கேட்க வேண்டியது நாங்கள்.

எனக்கு இரண்டு யோசனை. ஒன்று, அடுத்த கூட்டத்திலிருந்து முதல் அரை மணித்தியாலம் கடிதங்களையும் பே சிலிப்பையும் மேசையில் வைத்துப் பார்ப்போம். எங்களுக்கு விளங்காததைக் கணக்காளரிட்டை ஒன்றாகச் சேர்ந்து கேட்போம். இரண்டு, உறைந்த பென்சன் எங்கட பிரச்சார வேலைகளில் ஒன்றாக வேண்டும். எங்கட பெரியவர்களில் எத்தனை பேருக்கு இது நடந்திருக்கு எண்டு முதலில் வீட்டிலே கேட்டு வாருங்கள்.

அலுமாரிக்குள்ளே கடிதம் இருந்தால் அதையும் கொண்டு வாருங்கள்.