கல்லில் எழுதியதும் தீர்ப்பில் எழுதியதும்

(நீதிபதி ராதாபினோத் பால் குறித்து ஆலய மண்டபத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் கோயில்களில் கல்வெட்டுகளுக்குக் குறைவில்லை. கோபுரத் திருப்பணிக்குக் கொடுத்தவர், தரைக்குப் பளிங்கு போட்டவர், மணி வாங்கித் தந்தவர் என்று உபயதாரர் பெயரெல்லாம் சுவரில் இருக்கும். ஆனால் திருப்பணிக்கு மண் சுமந்தவர்களின் பெயரை எந்தச் சுவரிலும் நாம் காண்பதில்லை. இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. கல்லை வைப்பவர் எதை நினைவில் நிறுத்த விரும்புகிறாரோ, அதைத்தான் கல் சொல்லும். இந்த உண்மையை மனத்தில் வைத்துக்கொண்டு, ஜப்பானிலே நினைவுக் கற்களும் நினைவு மண்டபமும் பெற்றுவிட்ட ஓர் இந்திய நீதிபதியைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன். அவர் பெயர் ராதாபினோத் பால்.

1886-ஆம் ஆண்டு ஜனவரி 27-ஆம் நாள், இன்று வங்காளதேசத்தில் உள்ள குஷ்டியா வட்டாரத்தில், சலிம்பூர் என்னும் சிற்றூரில் பால் பிறந்தார். ஏழைக் குடும்பம். கல்வி ஒன்றையே துணையாகக் கொண்டு கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் கணிதம் பயின்றார். மைமன்சிங் நகரின் ஆனந்த மோகன் கல்லூரியில் கணித ஆசிரியராகப் பணியாற்றினார். பின்னரே சட்டத் துறைக்கு வந்தார். மனுவுக்கு முற்பட்ட காலத்து இந்து சட்டத்தின் வரலாற்றை ஆராய்ந்த அறிஞர் அவர். 1924-இல் சட்டத்தில் முனைவர் பட்டமும், பின்னர் கல்கத்தா உயர் நீதிமன்ற நீதிபதி பதவியும், 1944 முதல் 1946 வரை கல்கத்தாப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் பதவியும் அவரைத் தேடி வந்தன. ஆசிரியத் தொழிலில் இருந்து சென்றவர் என்பதில் எங்களைப் போன்றோருக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டு.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், ஜப்பானியத் தலைவர்களை விசாரிக்கத் தோக்கியோவில் ஓர் அனைத்துலக நீதிமன்றம் அமைக்கப்பட்டது. 1946 மே 3-ஆம் நாள் விசாரணை தொடங்கியது. நீதிபதிகள் 11 பேர், குற்றம் சாட்டப்பட்டவர்கள் 28 பேர். இருவர் விசாரணைக் காலத்திலேயே இறந்தனர். ஒருவர் மனநலக் குறைவால் விடுவிக்கப்பட்டார். 1948 நவம்பரில் எஞ்சிய 25 பேரும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளிக்கப்பட்டது. முன்னாள் பிரதமர் டோஜோ உள்ளிட்ட எழுவர் அவ்வாண்டு டிசம்பர் 23-ஆம் நாள் தூக்கிலிடப்பட்டனர். 16 பேருக்கு ஆயுள் தண்டனை. மற்ற இருவருக்கு 20 ஆண்டும் 7 ஆண்டும் சிறை.

இந்தியாவின் சார்பில் அமர்ந்திருந்த பால் மட்டும் 1,200 பக்கங்களுக்கும் மேலான தனித் தீர்ப்பு ஒன்றை எழுதினார். வேறு சில நீதிபதிகளும் சிலவற்றில் மாறுபட்டார்கள். ஆனால் அனைவரையும் எல்லாக் குற்றச்சாட்டுகளிலிருந்தும் விடுவிக்க வேண்டும் என்று எழுதியவர் இவர் ஒருவரே.

ஏன் அப்படி எழுதினார்? மாணவர்களுக்கும் விளங்கும்படி சொல்கிறேன். தேர்வு முடிந்த பிறகு புதிய விதியை எழுதி, அந்த விதியின்படி ஒரு மாணவனைத் தோல்வியுறச் செய்யலாமா? கூடாது. போர் தொடுத்ததற்காகத் தனிமனிதரைத் தண்டிக்கும் சட்டம் அந்தப் போர் தொடங்கிய நாளில் உலகில் இல்லை என்பது அவருடைய முதல் வாதம். வென்றவர்கள் மட்டுமே நீதிபதியாக அமர்ந்து, தோற்றவர்களை மட்டுமே கூண்டில் ஏற்றுவது நீதியாகுமா என்பது இரண்டாவது. ஆசியாவைப் படைபலத்தால் பிடித்து ஆண்ட வல்லரசுகளே அந்த மேடையில் இருந்தன. ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் அணுகுண்டு போட்டவர்களை யாரும் கூண்டில் ஏற்றவில்லை. 1928 முதல் 1945 வரை ஒரே சதித் திட்டம் தீட்டப்பட்டதற்குப் போதிய சான்று இல்லை என்பது மூன்றாவது வாதம்.

இங்கே ஒன்றைக் கவனமாகக் கேட்க வேண்டுகிறேன். கொடுமைகள் நடக்கவில்லை என்று பால் எங்குமே எழுதவில்லை. நான்கிங் நகரிலும் பிலிப்பீன்ஸிலும் பிற இடங்களிலும் ஜப்பானியப் படைகள் செய்த கொடுமைகளுக்குச் சான்றுகள் மலைபோல் குவிந்திருக்கின்றன என்பதை அவர் ஒப்புக்கொண்டார். கூண்டில் நிற்கும் அமைச்சர்களும் தளபதிகளும் அவற்றுக்கு ஆணையிட்டார்கள் என்பதற்குச் சான்று உண்டா என்பதே அவர் எழுப்பிய வினா. இல்லை என்று அவர் முடிவு செய்தார். குற்றம் நடந்ததா என்பது ஒன்று, குற்றவாளி இவர்தானா என்பது வேறு.

இனி, அவருக்கு எடுக்கப்பட்ட விழாக்களுக்கு வருகிறேன். அவருடைய தீர்ப்பு நீதிமன்றத்தில் வாசிக்கப்படவே இல்லை. நேச நாடுகளின் ஆட்சி நீடித்தவரை அதை ஜப்பானில் அச்சிடவும் இயலவில்லை. 1952-இல் ஜப்பான் மீண்டும் சுதந்திரம் பெற்றதும் அதன் சுருக்கம் நூலாக வெளிவந்தது. 1966-இல் ஜப்பானியப் பேரரசர் அவருக்கு உயரிய விருது அளித்தார். மறு ஆண்டு ஜனவரி 10-ஆம் நாள் பால் காலமானார். அதன்பின் ஹக்கோனே என்னுமிடத்தில் அவர் பெயரையும் அவருடைய ஜப்பானிய நண்பர் ஷிமோனாக்காவின் பெயரையும் தாங்கிய நினைவு மண்டபம் எழுந்தது. 1997-இல் கியோத்தோ நகரில் நினைவுக்கல் நாட்டினார்கள். 2005-இல் தோக்கியோவின் யாசுகுனி ஆலயத்திலும் அவர் உருவம் பதித்த கல் நாட்டப்பட்டது. 2007 ஆகஸ்டில் இந்தியா வந்த பிரதமர் ஷின்சோ அபே, இந்திய நாடாளுமன்றத்தில் பாலைப் போற்றிப் பேசியதோடு, கல்கத்தா சென்று அவருடைய மகனையும் சந்தித்தார்.

இந்தியர் ஒருவருக்கு இத்தனை சிறப்பா என்று நாம் பூரித்துப் போகலாம். தவறில்லை. ஆனால் யாசுகுனி எத்தகைய இடம் என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். போரில் மாண்ட ஜப்பானியரை வழிபடும் இடம் அது. தோக்கியோவில் தண்டனை பெற்ற எழுவர் உட்பட, முதல் நிலைப் போர்க்குற்றம் சாட்டப்பட்ட 14 பேரை 1978-இல் அங்கே சேர்த்துக்கொண்டார்கள். அந்த வளாகத்தில் பாலின் கல் நிற்கும்போது, “இந்திய நீதிபதியே எங்களைக் குற்றமற்றவர்கள் என்று சொல்லிவிட்டார்” என்று சொல்வது போலத்தான் அது காட்சியளிக்கிறது. தீர்ப்பில் ஒரு பாதிதான் கல்லுக்கு வந்தது. கொடுமைகளுக்குச் சான்று உண்டு என்ற மறுபாதி ஏட்டோடு நின்றுவிட்டது.

நினைவுக் கற்களை எப்படிப் படிக்க வேண்டும் என்பதைப் பாலே கற்றுக்கொடுத்திருக்கிறார். 1952 நவம்பரில் அவர் ஹிரோஷிமா சென்றார். அணுகுண்டுக்குப் பலியானோரின் நினைவுச் சின்னத்தில், ஆன்மாக்கள் அமைதியுறட்டும், இந்தப் பிழை மீண்டும் நிகழாது என்ற பொருளில் ஒரு வாசகம் பொறிக்கப்பட்டிருந்தது. அதன் பொருளைக் கேட்டறிந்த பால், “யாருடைய பிழை?” என்று வினவினார். குண்டு போட்டவர்கள் ஜப்பானியர் அல்லவே என்பது அவர் கேள்வி. வாசகத்தை எழுதிய ஹிரோஷிமாப் பல்கலைக்கழகப் பேராசிரியரும் குண்டுவீச்சில் உயிர் தப்பியவர்தான். மனித குலம் முழுவதும் சேர்ந்து எடுக்கும் உறுதிமொழி அது என்று அவர் விடையளித்தார். இருவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. நான் உங்களுக்குச் சுட்டிக்காட்ட விரும்புவது அந்தக் கேள்வியைத்தான். கல்லைக் கண்டதும் கும்பிட்டுவிட்டுப் போகாமல், இதில் யார் இருக்கிறார், யார் விடுபட்டார் என்று அவர் கேட்டார். அதே கேள்வியை அவருடைய கல்லின் முன்னும் நாம் கேட்கலாம். அது அவருக்குச் செய்யும் அவமரியாதை ஆகாது.

அப்படிக் கேட்கும்போது விடுபட்டவர்களில் முதலில் நம் கண்ணுக்குத் தெரிவது நம்மவர்கள்தாம். 1942 முதல் 1943 வரை சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் நீளத்திற்கு ஜப்பானியர் இரயில் பாதை அமைத்தார்கள். நேச நாட்டுப் போர்க் கைதிகள் 60,000-க்கும் மேற்பட்டோர் அங்கே வேலை வாங்கப்பட்டனர். அவர்களில் 12,000-க்கும் அதிகமானோர் மாண்டனர். ஆசியத் தொழிலாளர்களோ பல மடங்கு. மலாயாவிலிருந்து மட்டும் சுமார் 75,000 பேர் கொண்டுசெல்லப்பட்டனர் என்பர். பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்கள். சம்பளம் கிடைக்கும் என்ற ஆசை வார்த்தையை நம்பிப் போனவர்கள் உண்டு, பிடித்து ஏற்றப்பட்டவர்களும் உண்டு. வாந்திபேதியும் மலேரியாவும் பசியும் பல்லாயிரம் பேரைத் தின்றுவிட்டன. காஞ்சனாபுரிப் போர் மயானத்தில் ஏறத்தாழ 7,000 நேச நாட்டு வீரர்களின் கல்லறைகள் வரிசை வரிசையாக, பெரும்பாலும் பெயருடன் இருக்கின்றன. நம்மவர்களுக்கு அப்படி ஆளுக்கொரு கல் இல்லை.

தோக்கியோ நீதிமன்றத்தின் பெரும்பான்மைத் தீர்ப்பு இந்த இரயில் பாதைக் கொடுமையைத் தனியாக எடுத்துப் பேசியது. பாலின் தீர்ப்பும் இதைத் தொட்டது. போர்க் கைதிகளை இந்த வேலையில் ஈடுபடுத்தியதற்கு டோஜோ பொறுப்பாளி என்பதை அவர் ஏற்றார். ஆனால் அதை அரசின் செயலாகக் கருதி, தனிமனிதக் குற்றமாகக் கொள்ள மறுத்தார். நீதி நெறியில் அவர் காட்டிய உறுதியை நான் மதிக்கிறேன். இந்த ஓரிடத்தில் மட்டும் என் மனம் அவரோடு ஒப்பவில்லை. மேலே இருப்பவர் “அரசு செய்தது” என்றும், கீழே இருப்பவர் “மேலிடத்து உத்தரவு” என்றும் சொல்லிவிட்டால், தண்டவாளத்தின் அடியில் கிடப்பவனுக்கு யார் பதில் சொல்வது? மனுநீதிச் சோழன் கதையிலே, கன்றை மறந்துவிட்டு மன்னனை மட்டும் புகழ்ந்தால் அது நீதிக் கதை ஆகுமா?

உலகம் இந்தக் கேள்விக்கு மெல்ல மெல்ல விடை தேடியது. 1998 ஜூலை 17-ஆம் நாள் ரோமாபுரியில் அனைத்துலகக் குற்றவியல் நீதிமன்றத்துக்கான உடன்படிக்கை நிறைவேறியது. 2002 ஜூலை 1 முதல் அது நடப்புக்கு வந்தது. சட்டம் வருமுன் செய்த செயலுக்குத் தண்டனை இல்லை என்று அதில் தெளிவாக எழுதினார்கள். பாலின் முதல் வாதம் அங்கே வென்றது. அதே உடன்படிக்கையில், நாட்டுத் தலைவர் என்ற பதவி எவரையும் காப்பாற்றாது என்றும், தம் கீழ் உள்ளோர் செய்யும் கொடுமையை அறிந்தும் தடுக்காத தளபதி பொறுப்பேற்க வேண்டும் என்றும் எழுதினார்கள். அங்கே இரயில் பாதையில் மாண்டவர்களின் வாதம் வென்றது. அடாத போர் தொடுப்பதும் 2018 முதல் அந்த நீதிமன்றம் விசாரிக்கக்கூடிய குற்றமாயிற்று.

ஆனால் பாலின் இரண்டாவது வாதம் இன்னும் விடையின்றி நிற்கிறது. அமெரிக்கா, ரஷ்யா, சீனா ஆகிய வல்லரசுகள் அதில் சேரவில்லை. பால் பிறந்த இந்தியாவும் சேரவில்லை. மலேசியா 2019 மார்ச் மாதம் சேர்ந்து, ஏப்ரல் மாதமே விலகிக்கொண்டது. வலியவருக்கு ஒரு நியாயம், எளியவருக்கு ஒரு நியாயம் என்ற குறை நீங்காத வரையில், அந்த 1,200 பக்கங்களைப் படிக்க வேண்டிய தேவையும் நீங்காது. பாலை உண்மையாகப் போற்றுவதென்றால், அவர் பெயரைக் கேடயமாகப் பிடிக்காமல் அவர் தீர்ப்பை முழுவதுமாகப் படிப்பதுதான்.

பெரியோர்களே, ஜப்பானியரின் கல்லில் என்ன எழுத வேண்டும் என்று சொல்ல நமக்கு அதிகாரமில்லை. நம் கையில் உள்ளதை நாம் செய்யலாம். சயாமுக்குப் போய்த் திரும்பி வந்தவர்கள் ஏறத்தாழ எல்லாரும் மறைந்துவிட்டார்கள். அவர்கள் சொல்லக் கேட்ட பிள்ளைகள் இன்று என் வயதினர், என்னிலும் மூத்தவர்கள். நாங்களும் போய்விட்டால் பெயர்களும் போய்விடும். ஆகவே நிர்வாகக் குழுவின் முன் ஒரு வேண்டுகோளை வைக்கிறேன். ஆலய அலுவலகத்தில் ஒரு பதிவேடு வைப்போம். குடும்பத்திலிருந்து சயாமுக்குப் போனவர் பெயர், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, திரும்பினாரா, இச்செய்தியைச் சொன்னவர் யார் என்ற ஐந்து விவரங்கள் போதும். உறுதியாகத் தெரிந்ததை மட்டும் எழுதுவோம். தெரியாத இடத்தைக் காலியாக விடுவோம். ஆண்டுதோறும் ஆடி அமாவாசையன்று, பிதிர்க் கடன் முடிந்தபின், அந்தப் பெயர்களை மண்டபத்தில் வாசிப்போம். பெயர் தெரியாதவர்களுக்காக ஒரு விளக்கேற்றுவோம். இதற்குப் பெரும்பொருள் தேவையில்லை. ஒரு நோட்டுப் புத்தகமும், வீட்டுக்கு வீடு சென்று பொறுமையாகக் கேட்கும் நாலைந்து இளைஞர்களும் இருந்தால் போதும்.

மாணவச் செல்வங்களே, உங்கள் பாட்டிமாரிடம் இன்று இரவே கேட்டுப் பாருங்கள். சான்று இல்லாமல் யாரையும் குற்றவாளி என்று சொல்லக்கூடாது என்பது நீதிபதி பால் நமக்கு விட்டுச்சென்ற பாடம். அப்படியானால், இருக்கிற சான்றை அழியவிடாமல் காப்பது நம் கடமை அல்லவா?